கத்தியில் பெயர் உண்டு, ஆய்வேட்டில் இல்லை

இரண்டு நாள்களுக்கு முன் எங்கள் ஆய்வாளர் குழுவில் நண்பர் ஒருவர் ஜப்பானியக் கத்தி ஒன்றின் படத்தைப் பகிர்ந்திருந்தார். மடங்காத ஒற்றை அலகு, கருமை படிந்த முதுகு, வெளிறிய மரப்பிடி. அலகின் அடிப்பகுதியில் உளியால் வெட்டிய சில எழுத்துகள். விலை, எங்களில் பலருக்கு இரண்டு மாத உதவித்தொகை. படத்தின் கீழ் எதிர்பார்த்த மறுமொழிகளே வந்தன: "இதெல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்", "டமாஸ்கஸ் வாளுக்கே உருக்குக் கொடுத்தவர்கள் நாம்". நானும் ஒரு காலத்தில் இப்படி எழுதியவள்தான். இப்போது அவ்வரிகளைப் படிக்கையில் கூச்சமாக இருக்கிறது. காரணத்தைச் சற்று விரிவாகவே எழுத வேண்டும்.

முதலில் ஒரு திருத்தம். ஜப்பானியக் கத்தி நம்மிடமிருந்து போனது அன்று. அவர்களுடைய வாள் உருக்கு இரும்பு மணலையும் மரக்கரியையும் மண் உலையில் மூன்று நாள் இரவு பகலாக எரித்து எடுக்கப்படுவது. நமது மூசை உருக்கின் வழி வேறு. ஷிமானே மாநிலத்து ஒகுயிசுமோவில் அத்தகைய உலை ஒன்றை 1977இல் மீட்டெடுத்து, வாள் செய்வோருக்காக இன்றும் குளிர்காலங்களில் எரிக்கிறார்கள். சமையற்கத்திகளுக்கு அந்த உருக்குப் பயன்படுவது அரிது. அவற்றுக்கு அதே மாநிலத்து யசுகியில் ஆலையில் வடித்த உருக்குதான். "வெள்ளைத்தாள்", "நீலத்தாள்" என்பன அதன் வகைப் பெயர்கள். கட்டிகளைச் சுற்றிவரும் தாளின் நிறமே பெயராகிவிட்டது. கரிமம் ஒரு விழுக்காட்டுக்கு மேல். கூர் நன்றாக நிற்கும், ஆனால் முரட்டுத்தனமாகக் கையாண்டால் சில்லுப் போகும். ஆகவே அதை மென்மையான இரும்போடு உலைச்சூட்டில் ஒட்டி அடிக்கிறார்கள்: வெட்டும் விளிம்புக்கு வன்மை, முதுகுக்கு நெகிழ்வு. ஒசாகாவை அடுத்த சக்காய் நகரில் அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் இன்னொருவர், பிடி பொருத்துபவர் மூன்றாமவர்.

இந்நுட்பங்களில் எதுவும் நம் கொல்லர்களுக்கு எட்டாததன்று. விலை வேறுபாட்டை உருக்கை மட்டும் வைத்து விளக்க முடியாது. 1974இல் ஜப்பான் மரபுக் கைத்தொழில்களுக்கென ஒரு சட்டம் இயற்றியது. அதன் பட்டியலில் ஒரு பொருள் இடம்பெற வேண்டுமானால் அது அன்றாட வாழ்வில் பயன்படுவதாகவும், முதன்மையாகக் கையால் செய்யப்படுவதாகவும் இருக்க வேண்டும். அருங்காட்சியகப் பொருளைக் காப்பது அச்சட்டத்தின் நோக்கமன்று. சக்காய்க் கத்தி 1982இல் அப்பட்டியலில் சேர்ந்தது.

சித்தூரில் நான் களப்பணி செய்த பட்டறைக்கு வருகிறேன். அங்கே உருக்கு என்றால் லாரியின் கமான் பட்டை. பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கி, வெட்டி, காய்ச்சி, அரிவாளாகவும் மச்சுக்கத்தியாகவும் அடிக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் நாட்டு லாரிப் பட்டைகளுக்குப் பயன்படும் உருக்கு வகைகளுள் ஒன்றின் பெயர் எஸ்.யு.பி. 9, அது ஜப்பானியத் தரக்குறியீடு. ஜப்பான் பெயரிட்ட உருக்கைச் சித்தூரில் ஒருவர் நாள்தோறும் அடிக்கக்கூடும். அதைப் படம் பிடித்து எவரும் குழுவில் பகிர மாட்டார்.

இனி நம் பெருமிதத்தின் பொருளான ஊட்ஸ். இச்சொல்லே ஒரு பிழை. கன்னடத்திலும் தெலுங்கிலும் உருக்குக்குப் பெயர் "உக்கு". தமிழின் உருகு, உருக்கு என்பவற்றோடு உறவுடையது. உருக்கு, உர்க்கு, உக்கு என்று மெய்கள் ஒன்றியதை முதலாண்டு மொழியியல் மாணவர்கூடக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவார். தெலுங்கில் இன்றும் அது உயிருள்ள சொல். 1966இல் விசாகப்பட்டினம் ஆலைக்காக எழுந்த போராட்ட முழக்கமே "விசாக உக்கு, ஆந்திருல ஹக்கு". தமிழில் அது சேலம் உருக்காலையின் பெயர்ப் பலகையில் இருக்கிறது. ஆங்கிலத்துக்கு மட்டும் சிதைந்து போயிற்று. பம்பாயிலிருந்து மருத்துவர் ஹெலனஸ் ஸ்காட் லண்டனுக்கு அனுப்பிய கட்டிகளை ஆராய்ந்து ஜார்ஜ் பியர்சன் 1795இல் ராயல் சொசைட்டி இதழில் எழுதிய கட்டுரையில் அது "ஊட்ஸ்" என்று அச்சேறியது. யாரோ தவறாகக் கேட்டதோ தவறாகப் படித்ததோ, உலகம் அதையே பிடித்துக்கொண்டது. நம் பாடநூல்களும் அப்பிழையையே பெருமையோடு திருப்பிச் சொல்கின்றன.

அந்த உருக்குச் செய்யப்பட்ட முறையைப் பரங்கிப்பேட்டை இரும்பாலையை நிறுவிய ஜோசையா மார்ஷல் ஹீத் விவரித்திருக்கிறார். தேனிரும்புத் துண்டுகளை மூசையில் இட்டு, உலர்ந்த ஆவாரங்கட்டையைச் சிறு துண்டுகளாக நறுக்கி எடையில் பத்தில் ஒரு பங்கு சேர்த்து, மேலே ஓரிரண்டு பச்சை எருக்கிலைகளை மூடி, வாயைக் களிமண்ணால் அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை ஓர் உலையில் அடுக்கி இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். காற்றுப் புகாத மூசைக்குள் ஆவாரை கரியாகி அதன் கரிமம் இரும்பில் ஏறும். இரும்பின் உருகுநிலை தாழும். உருகிய உருக்கு மெல்ல ஆறி முட்டையளவு கட்டியாகும். மூசை செய்யும் மண்ணோடு உமி கலப்பதும் தென்னாட்டு வழக்கம். சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் வருகையில் சாலையின் இருபுறமும் பாருங்கள்: ஆவாரையும் எருக்கும்தான். தெலுங்கில் தங்கேடு, ஜில்லேடு. பேருலகை வியக்கவைத்த உருக்கின் மூலப்பொருள்கள் நம் ஊரில் ஆடு கடிக்காத செடிகள்.

தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரில் சாரதா சீனிவாசன் கண்டறிந்த மூசை எச்சங்களும், தெலங்கானாவின் கோனசமுத்திரமும் இத்தொழிலின் பரப்பைக் காட்டுகின்றன. எனினும் அந்த மூசைகளை அடைத்தவர்களில் ஒருவருடைய பெயராவது நமக்குத் தெரியுமா? பியர்சனைத் தெரியும், ஹீத்தைத் தெரியும். அந்தக் கட்டியிலிருந்து பேனாக்கத்தி அடித்த லண்டன் கத்தித் தொழிலாளர் ஜேம்ஸ் ஸ்டோடார்ட்டையும் தெரியும். அவரோடு சேர்ந்து 1820இலும் 1822இலும் உருக்குக் கலவைகள் பற்றிக் கட்டுரை எழுதிய மைக்கேல் பாரடே ஒரு கொல்லரின் மகன். கொல்லர் மகனும் கத்தித் தொழிலாளரும் சேர்ந்து அறிவியல் கட்டுரை எழுத முடிந்த சமூகம் அது. நாமோ அறிவைக் கையிலிருந்து பிரித்து, கையைச் சாதியாகக் கட்டிப்போட்டு, பிறகு "நம் முன்னோர்" என்று பன்மையில் உரிமை கொண்டாடுகிறோம். அம்முன்னோரைத் தெருவின் கடைசியில் குடிவைத்தவர்களும் நம் முன்னோரே.

இது பிறரைச் சுட்டும் விரல் மட்டுமன்று. என் முதுகலை ஆய்வேடு சித்தூர்ப் பகுதிக் கொல்லர்களின் தொழிற்சொற்கள் பற்றியது. 1911இல் மாவட்டம் உருவாகும் முன் வட ஆற்காட்டோடு இருந்த பகுதி; ஒரே பட்டறையில் இரு மொழிச் சொற்களும் தோளோடு தோள் நிற்கும். துருத்தியும் தித்தியும், சம்மட்டியும் சம்மெட்டவும், குறடும் பட்டகாரும். அறுபதைக் கடந்த கொல்லர் ஒருவர் நான்கு மாதங்கள் பொறுமையாக எனக்குப் பாடம் நடத்தினார். ஏட்டை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு பின்னிணைப்பை விரலால் தடவிப் பார்த்தார்.

"ஏம்மா, இதுல எம்பேரு எங்கம்மா?"

"தகவலாளர் 3: ஆண், 61, கொல்லர்" என்ற வரியைக் காட்டினேன்.

"மூணாவது ஆளா நானு?" என்று சிரித்தார். பிறகு அலமாரியிலிருந்த ஒரு பழைய மச்சுக்கத்தியை எடுத்து, அலகின் அடியில் அவர் தந்தை குத்தியிருந்த சிறு பிறைக் குறியைக் காட்டினார். வேறெதுவும் சொல்லவில்லை.

பெயர் மறைப்பதற்கு ஆய்வு நெறிக் காரணங்கள் உண்டு என்பதை அறிவேன். சொன்னவருக்குத் தீங்கு நேரக்கூடிய இடங்களில் அது கட்டாயம் வேண்டும். ஆனால் துருத்திக்கும் குறடுக்கும் பெயர் சொன்னதால் ஒருவருக்கு என்ன தீங்கு நேரும்? இங்கே மறைக்கப்பட்டது அவருடைய ஆசிரியத்துவம். அவர் தந்த சொற்களுக்கு நான் பட்டம் பெற்றேன், அவர் எண்ணானார்.

வேறு வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. டமாஸ்கஸ் அலகின் நீரலைக் கோலத்துக்குக் காரணம் தேடிப் பல தலைமுறையினர் முயன்றனர். உருக்கில் மிகச் சிறிதளவே கலந்துள்ள வனேடியம் போன்ற தனிமங்களே அக்கோலத்தைத் தோற்றுவிக்கின்றன என்று 1998இல் விளக்கிய கட்டுரையின் ஆசிரியர்களுள் ஜான் வெர்ஹோவன் அயோவா மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர். ஆல்பிரட் பெண்ட்ரே ஃபுளோரிடாவில் குதிரைக்கு லாடம் அடித்தவர், கத்தி செய்பவர். அவரைத் "தகவலாளர்" ஆக்கவில்லை. அவர் கை அடித்து அடித்துக் கண்டது சான்றாயிற்று. பெயர் தலைப்பின் கீழ் நின்றது.

நம் பக்கத்திலும் முன்னோடிகள் இருக்கிறார்கள். பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி தெலுங்கில் வட்டாரத் தொழிற்சொல் அகராதியைத் தொடங்கி, உழவுத் தொகுதியை 1962இலும் கைத்தறித் தொகுதியை 1971இலும் வெளிக்கொணர்ந்தார். ஊர் ஊராகச் சென்று தொழில் செய்பவரின் வாயிலிருந்தே சொல் சேர்த்த பணி அது. மொழியியல் மாணவர்கள் அறிமுகப் பக்கத்தோடு நின்றுவிடாமல் அவற்றைப் புரட்டிப் பார்க்க வேண்டும். உழவரும் கொல்லரும் பங்கிட்டுக்கொள்ளும் சொற்கள் அப்போதுதான் கண்ணில் படும். தெலுங்கில் "பதுனு" என்பது உழவுக்கேற்ற மண் ஈரத்தையும் குறிக்கும், கத்தியின் கூரையும் குறிக்கும். நம் "பதம்" அதன் உறவு. காய்ச்சிய அலகு செந்நிறத்திலிருந்து எந்த நிறத்துக்கு இறங்கும்போது நீரில் தோய்க்க வேண்டும் என்பதை அக்கொல்லர் வெப்பமானி இன்றி "பதம் வந்தாச்சு" என்ற இரு சொற்களில் முடிப்பார். அந்தப் பதம் எது என்று ஒலிப்பதிவில் பதினேழு முறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் கையைத்தான் காட்டினார். அவருடைய மகன் திருப்பதியில் வண்டி ஓட்டுகிறார், பட்டறைக்கு வருவதில்லை. அந்தக் கை ஓய்ந்தபின் அகராதியில் சொல் இருக்கும், பொருள் இருக்காது.

ஆகவே "எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்" என்று எழுதுவோரிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது: உங்கள் ஊரில் இப்போது உலை எரிகிற பட்டறை எது? கடைசியாக அங்கே ஓர் அரிவாளுக்குப் பேரம் பேசாமல் விலை கொடுத்தது எப்போது?

முனைவர் பட்ட ஆய்வேட்டில் சொற்பட்டியலைத் தனிப் பகுதியாக்கி, அவரை இணைத் தொகுப்பாளராகக் குறிக்க விரும்புகிறேன். நெறியாளர் மறுக்கவில்லை, அதற்கான படிவம்தான் இல்லை. இப்பதிவில் அவர் பெயரை எழுதாததற்கும் காரணம் உண்டு: எங்கே, எப்படி அச்சாக வேண்டும் என்பதை அவரே முடிவு செய்யட்டும். அடுத்த வாரம் பட்டியலின் திருத்தப் படியோடு சித்தூர் செல்கிறேன்; நான் எழுதிய விளக்கங்களில் பாதியை அவர் அடித்துவிடுவார் என்றே நினைக்கிறேன். கைத்தொழிலாளரின் ஒப்புதலோடு அவர் பெயரை ஆய்வேட்டில் சேர்த்தவர்கள் இங்கே யாரேனும் இருந்தால், எந்த வாசகத்தில் ஒப்புதல் பெற்றீர்கள், நெறிக்குழுவிடம் அதை எவ்வாறு முன்வைத்தீர்கள் என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.