அங்கீகாரச் சிக்கல்

வீட்டிலுள்ள டேப் வைஃபையோடு இணைய மறுப்பது இலக்கிய அன்பர்கள் கூடிப் பேசும் பொருளா என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். நம் எண்ணத்தில் அது இலக்கியத்தோடு நெருங்கிய உறவுடைய பொருளே. ஆனைமலை போன்ற சிற்றூர்களில் பழந்தமிழ் நூல்களைத் தேடிப் படிக்கும் வழக்கமுள்ளோருக்கு, குறிப்பாக அறுபதைக் கடந்தோருக்கு, இன்று கைக்கெட்டும் பெரிய நூலகம் அந்த ஒரு கருவிதான். 1998-ஆம் ஆண்டு பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், 2001-இல் பல்கலைக்கழகம் என்னும் பெயரோடு தொடங்கி இன்று தமிழ் இணையக் கல்விக்கழகமாக விளங்கும் நிறுவனத்தின் மின்னூலகமும், பொள்ளாச்சிக்குப் பேருந்து ஏறாமலேயே தோட்டத்துச் சாளைத் திண்ணைக்கு வந்து சேர்கின்றன. கண்புரை அறுவை செய்துகொண்ட ஒருவருக்கு, எழுத்தை வேண்டுமளவு பெரிதாக்கிப் படிக்க இயல்வது சிறிய வசதியன்று. அந்தக் கருவி இணைய மறுத்த அன்று நூலகம் பூட்டப்படுகிறது. பெரும்பாலான வீடுகளில் அது அப்படியே பீரோவுக்குள் போய்விடுகிறது.

சொற்களைப் பற்றி முதலில் ஒன்று சொல்லிவிடுவோம். 2024-இல் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு வழங்கியபோது இக்கருவியை அரசு 'கையடக்கக் கணினி' என்றது. பலகைக் கணினி என்பாரும் உளர். அகராதியை மட்டும் பார்த்து மொழிபெயர்ப்பவர் கையில் அகப்பட்டால் அது மாத்திரையாகிவிடும் அபாயமும் உண்டு. வைஃபைக்கு 'அருகலை' என்றும், வீட்டு மூலையில் விளக்கு மினுக்கும் பெட்டிக்குத் 'திசைவி' என்றும் நல்ல தமிழ்ச் சொற்கள் உள்ளன. ஊரில் வழங்குவன டேப், வைஃபை, மோடம் என்பனவே. நாமும் இங்கே அவ்வாறே எழுதுகிறோம். (வைஃபை என்பதை ஏதோ ஆங்கிலத் தொடரின் சுருக்கம் என்று விரித்துரைப்போர் பலர். 1999-இல் விற்பனைக்கென ஒரு நிறுவனம் உருவாக்கித் தந்த வெறும் பெயர் அது. விரிவு பின்னர் ஒட்டவைத்தது.) கலைச்சொல் ஆக்கத்தில் நம்மவர் காட்டிய ஊக்கத்தை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 'இணையம்' என்னும் அழகிய சொல்லைத் தந்தவராகச் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியை இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். ஆனால் நம்மிடம் சொற்கள் சேர்ந்த அளவுக்கு, அச்சொற்களால் ஒரு செய்தியை விளங்கச் சொல்லும் வாக்கியங்கள் சேரவில்லை என்பதே இக்கட்டுரையில் நாம் வைக்க விரும்பும் குறை.

டேப்பைத் தமிழில் இயக்குவோர் இதை உடனே உணர்வர். கடவுச்சொல் பொருந்தாதபோது திரையில் தோன்றுவது 'அங்கீகரிப்புச் சிக்கல்' என்பது போன்றதொரு தொடர். அங்கீகாரச் சிக்கல் தமிழ் எழுத்தாளர்க்கு வாழ்நாள் முழுவதும் உள்ளதுதான். அதை அவர்கள் டேப்பில் எதிர்பார்ப்பதில்லை! 'மோடம் இந்தக் கடவுச்சொல்லை ஏற்கவில்லை' என்று எழுதியிருந்தால் பத்தாம் வகுப்புப் படித்த எவரும் அடுத்து என்ன செய்வதென்று அறிந்துகொள்வர்.

நம் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் உண்டு. இணைய நிறுவனத்தார் வந்து பழைய மோடத்தை எடுத்துவிட்டுப் புதியதை வைத்துச் சென்றனர். வைஃபையின் பெயரைப் பழையபடியே வைத்துவிட்டுக் கடவுச்சொல்லை மட்டும் மாற்றினர். டேப் தன் நினைவிலிருந்த பழைய கடவுச்சொல்லைக் கொண்டு தட்டிக்கொண்டே இருந்தது; கதவு திறக்கவில்லை. அம்மையார் அதைக் கடைக்கு எடுத்துச் சென்றார். "இது பழசுங்க, புதுசு வாங்கிக்குங்க" என்பது கடைக்காரர் தீர்ப்பு. நம்மிடம் அவர் சொன்னது வேறு: "எனக்கு வயசாயிப் போச்சுங்க தம்பி, இதெல்லாம் நமக்கு ஒத்துவராதுங்க." முப்பதாண்டுக் காலம் தொல்காப்பியம் நடத்தியவர், ஆறு எழுத்து மாறிய ஒரு கடவுச்சொல்லுக்குத் தம் அறிவின்மேல் பழி போட்டுக்கொண்டார். அந்தப் பெயரைத் தொட்டு 'மறந்துவிடு' என்று கட்டளையிட்டுப் புதிய கடவுச்சொல்லைத் தந்ததும் டேப் இணைந்தது. அந்தப் பழி நம்மை உறுத்துகிறது.

இத்தனைக்கும் இச்சிக்கலைப் புரிந்துகொள்ள நம் வட்டாரத்தார்க்குத் தனிப் படிப்பே வேண்டியதில்லை. ஆழியாற்று வாய்க்கால் பாசனம் அறிந்த உழவர், வயலில் நீர் வராவிட்டால் வயல் கெட்டுவிட்டது என்று சொல்வாரா? மடை அடைத்திருக்கிறதா, அல்லது வாய்க்காலிலேயே நீர் இல்லையா என்று நடந்துபோய்ப் பார்ப்பார். டேப்புக்கும் மோடத்துக்கும் இடையே உள்ளது மடை. மோடத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே உள்ளது வாய்க்கால். இவ்விரண்டும் வேறு வேறு என்னும் ஒரே உண்மையை அறிந்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. அதே வைஃபையில் ஒரு செல்பேசியை இணைத்துப் பாருங்கள். அதிலும் இணையம் வரவில்லையெனில் டேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால் கண்ணாடியிழைக் கம்பி எங்கோ அறுந்திருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். பாலக்காட்டுக் கணவாய் வழியே ஆனி, ஆடியில் காற்று புகுந்து வரும்போது கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கம்பியின்மேல் ஒரு தென்னமட்டை விழுந்தால் போதும்.

செல்பேசி இணைகிறது, டேப் மட்டும் இணையவில்லை என்றால் மடையைப் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு. பூச்சியமும் ஆங்கில ஓ எழுத்தும் மயங்கும். மோடம் தரும் பெயர்கள் இரண்டாக இருந்து ஒன்றன் இறுதியில் '5ஜி' என்றிருந்தால், அது செல்பேசியின் ஐந்தாம் தலைமுறை அன்று. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை என்பதன் அடையாளம். விலை குறைந்த டேப்புகள் பல 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும். அவற்றின் திரையில் அந்தப் பெயரே தோன்றாது. மேலும் 5 கிகாஹெர்ட்ஸ் வேகமுடையதாயினும் சுவரைக் கடப்பதில் சளைத்தது. ஒன்றரை அடி மண்சுவர் வைத்த பழைய தொட்டிக்கட்டு வீடுகளில், திண்ணையில் அமர்ந்து படிப்பவர்க்கு 2.4-தான் துணை. புதிய மோடத்தை 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 என்னும் காப்பு முறையில் மட்டும் இயங்கும்படி வைத்திருந்தால் பழைய டேப்புகள் வாசலிலேயே நின்றுவிடும். அதைப் பழைய முறையையும் ஏற்கும்படி மாற்றலாம். அமெரிக்காவிலிருந்து மகன் வாங்கிவந்த டேப்பாயின் இன்னொன்று: அங்கே பெரும்பாலும் பயன்படுத்தாத 12, 13-ஆம் தடங்கள் இங்கே வழக்கில் உள்ளன. மோடம் அவற்றில் ஒன்றில் ஒலிபரப்பினால் அத்தகைய கருவிகள் சில அதைக் காண்பதே இல்லை. மோடத்தை 1, 6, 11 ஆகிய தடங்களுள் ஒன்றுக்கு மாற்றினால் போதும்.

தமிழ் ஆர்வலர்க்குச் சுவையான செய்தி ஒன்று இங்கே உண்டு. வைஃபையின் பெயரைத் தமிழிலேயே வைக்கலாம். கடவுச்சொல்லுக்கு அவ்வுரிமை இல்லை. அது ஆங்கில எழுத்து, எண், குறி ஆகியவற்றால் 8 முதல் 63 வரை அமைய வேண்டும் என்பது நடைமுறை விதி. பெயருக்கு உள்ள எல்லை 32 பைட். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழுக்கோ யூனிகோடின் வழக்கமான சேமிப்பு முறையில் உயிர், அகரமேறிய மெய், புள்ளி, துணைக்குறி என ஒவ்வொன்றும் 3 பைட் கேட்கும். 'ஆனைமலை' 18 பைட்டில் அடங்கிவிடுகிறது. 'பொள்ளாச்சி' 30, மயிரிழையில் தப்பிற்று. 'மாசாணியம்மன்' 36 பைட் ஆகிவிடுவதால் நம் ஊர்த் தெய்வத்தின் முழுப்பெயருக்கு வைஃபையில் இடமில்லை. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியமே எழுத இடந்தரும் விதி, தமிழில் ஒரு தெய்வப் பெயருக்கு இடந்தரவில்லை. யாரும் நம்மை இழிவுபடுத்த நினைத்து வகுத்ததன்று அது. வகுத்த அறையில் தமிழை நினைத்தவர் எவரும் இல்லை என்பதே நம் ஊகம்.

இணைந்த பின்னும் பக்கம் திறக்காத நிலை ஒன்றுண்டு. நெடுநாள் பீரோவில் கிடந்து மின்கலம் வற்றிய டேப், தேதியைத் தொலைத்துப் பல்லாண்டுகள் பின்னே போயிருக்கும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்கள் அதன் கணக்கில் செல்லாதவையாகும். தேதியைத் திருத்தினால் சரியாகிவிடும். ஆனால் ஆண்ட்ராய்டு 7.1-க்கு முற்பட்ட கருவிகளின் துன்பம் அவ்வளவு எளிதில் தீர்வதன்று. எண்ணற்ற தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட், அத்தகைய பழைய கருவிகளுக்கென வைத்திருந்த ஏற்பாடு 2024 செப்டம்பர் 30-உடன் முடிந்தது. அதன்பின் திரையும் மின்கலமும் நன்றாயிருக்கும் டேப்புகள் பல தளங்களின் வாசலில் எச்சரிக்கையோடு திருப்பி அனுப்பப்படுகின்றன. இது கருவியின் பழுதுமன்று, பயனரின் பிழையுமன்று. விற்ற பிறகு மென்பொருளைப் புதுப்பிக்க மறந்த உற்பத்தியாளர்களின் அலட்சியம் என்றே நாம் கருதுகிறோம். அதையும் திரையில் தமிழில் சொல்வார் இல்லை.

நம்மவர்க்கு இவையெல்லாம் புதிய அனுபவமா என்ன? இணையத்தில் தமிழ் படிக்கத் தொடங்கிய காலத்தில் திரையெங்கும் கேள்விக்குறிகளும் கட்டங்களும்தாம் இருந்தன. ஓர் இதழுக்குத் திஸ்கி, மற்றொன்றுக்கு 1999 சென்னை மாநாட்டை ஒட்டி வந்த டாப் அல்லது டாம் எனக் குறியேற்றங்கள் மலிந்திருந்தன. முரசு அஞ்சலையும் எ-கலப்பையையும் நிறுவவும், பொங்குதமிழில் எழுத்துருவை மாற்றவும் கவிஞர்களும் மாணவர்களும் இல்லத்தரசிகளும் கற்றுக்கொண்டனர். காரணம், அறிந்தவர் அறியாதவர்க்குப் படிப்படியாக, எளிய தமிழில் எழுதி வைத்தனர். கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010-இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றதோடு அத்தேவை பெரிதும் ஓய்ந்தது. அதனோடு அவ்வாறு எழுதும் பழக்கமும் ஓய்ந்துவிட்டது. இன்று இத்தகைய உதவி பெரும்பாலும் ஆங்கிலம் பாதி கலந்த காணொளிகளாகவே கிடைக்கிறது. காணொளியைக் காண்பதற்கும் வைஃபை வேண்டும் என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கல்லூரித் தமிழ்த் துறைகளில் கலைச்சொல் ஆக்கம் கற்பிக்கிறோம். மாணவர் பட்டியல் தயாரித்து மதிப்பெண் பெறுகின்றனர். அதற்குப் பதில் ஒரு பருவத்துக்கு ஒரு பணி தரலாம். டேப்பில் தோன்றும் பிழைச்செய்திகளுள் பத்தை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் வீட்டிலுள்ள முதியவர் படித்துத் தாமே சரிசெய்யும்படி திருப்பி எழுத வேண்டும். அவரிடமே கொடுத்துச் சோதிக்க வேண்டும். அவர் தடுமாறினால் வாக்கியத்தை மாற்ற வேண்டும். தொடக்கமாக ஒன்று இங்கே: "இணையம் மோடம்வரை வரவில்லை. உங்கள் டேப் நன்றாக இருக்கிறது. மோடத்தில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் நிறுவனத்தை அழையுங்கள்."