களவுக்குக் காலக்கெடு உண்டா?

சென்ற கோடை விடுமுறையில் விடுதி நண்பர் நால்வருடன் தருமசாலைக்குச் சென்றிருந்தேன். அங்கே தேவதாரு மரங்களின் நிழலில் ஒரு பழைய தேவாலயம். அதன் பக்கத்தில் ஒரு கல்லறை. 1862இல் இந்தியாவின் வைசிராயாக வந்து, மறு ஆண்டே மாண்ட எல்ஜின் பிரபு அங்கே துயில்கிறார். நண்பர்கள் படம் எடுத்துக்கொண்டார்கள். எனக்கோ ஒரு வெண்கலக் கெண்டியின் நினைவு வந்தது.

கல்லறைக்கும் கெண்டிக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

1860 அக்டோபரில் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் பெய்ஜிங்கை அடுத்த யுவான்மிங்யுவான் அரண்மனையைக் கொள்ளையிட்டன. சமாதானம் பேசச் சென்றவர்களைச் சிறைப்பிடித்து வதைத்துக் கொன்றதற்குத் தண்டனை என்று கூறி, அந்த அரண்மனையைக் கொளுத்த ஆணையிட்டவர் இதே எல்ஜின் பிரபு. கொள்ளைப் பொருள்களைப் பிரிட்டிஷார் பாசறையிலேயே ஏலமிட்டுப் படையினருக்குப் பங்கு பிரித்தார்கள்.

அங்கிருந்து போன பொருள்களுள் ஒன்றுதான் நான் சொன்ன கெண்டி. மேற்குச் சவு மரபினர் காலத்தது. ஏறத்தாழ மூவாயிரம் ஆண்டுப் பழமை உடையது. மூடியிலும் மூக்கிலும் புலி உருவம் கொண்டது. முன்னோர் வழிபாட்டிலும் சடங்குகளிலும் இத்தகைய கலங்களைச் சீனர் பயன்படுத்தினர். இங்கிலாந்தின் கென்ட் மாவட்டத்தில் ஒரு வீட்டில் கிடந்த இது, 2018 ஏப்ரலில் கான்டர்பரியில் ஏலத்திற்கு வந்தது. கூடவே, அதைக் கொண்டுவந்த ஹாரி லூயிஸ் எவான்ஸ் என்ற படை அதிகாரி, அரண்மனைக் கொள்ளையைப் பற்றி எழுதிய கடிதங்களும் வெளிவந்தன. சீன அரசு கண்டித்தது, விற்காதீர் என்றது. ஏலம் நிற்கவில்லை. கெண்டி 4,10,000 பவுனுக்குப் போயிற்று!

நண்பர்களே, இங்கேதான் என் நெஞ்சு உறுத்துகிறது. திருடியவன் தன் கைப்பட எழுதிய கடிதம் நீதிமன்றத்திற்கு வந்தால் அது குற்றச்சான்று. ஏலக்கூடத்திற்கு வந்தால் அதுவே சரக்கின் பெருமைச் சான்று! இது என்ன நியாயம்?

இதற்கு மறுமொழி கூறுவோர் உண்டு. "இன்று வைத்திருப்பவர் திருடவில்லையே" என்பர். உண்மைதான், அவரைத் தண்டிக்கச் சொல்லவில்லை. ஆனால், குற்றமற்றவர் என்பது வேறு. உரிமையாளர் என்பது வேறு. "எடுத்துச் சென்றதால்தானே பிழைத்தது?" என்பர் சிலர். வீட்டைக் கொளுத்தியவரே, உள்ளேயிருந்த பெட்டியைக் காப்பாற்றினோம் என்று சொல்லலாமா?

"1970ஆம் ஆண்டு யுனெஸ்கோ உடன்படிக்கை பழைய கொள்ளையைத் தொடாது" என்று சட்டம் படிக்கும் நண்பர் சொன்னார். அதுவும் சரியே. சட்டத்தின் கை அவ்வளவு தூரம் நீளாது. ஆனால், களவு நூறாண்டு பழகினால் காணியாட்சி ஆகிவிடுமா?

நம் கதையைப் பாருங்கள். ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து களவு போன நடராசர் திருமேனியை 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் விலைக்கு வாங்கியது. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருந்த பழைய ஒளிப்படம் உண்மையைக் காட்டிக்கொடுத்தது. 2014இல் திருமேனி இந்தியா வந்து சேர்ந்தது. அங்கே சான்று பொருளை வீட்டுக்குக் கொண்டுவந்தது. கான்டர்பரியில் சான்று இருந்தும் சம்மட்டி விழுந்தது. வேறுபாடு களவில் இல்லை, காலத்தில்தான்.

சீனத்துக் கெண்டியும் பின்னர் வீடு திரும்பிற்று. வாங்கியவர் தம் பெயரை வெளியிடாமல் அதை நன்கொடையாக அளித்தார். 2018 டிசம்பரில் பெய்ஜிங் தேசிய அருங்காட்சியகம் அதை ஏற்றது. அவர் வாழ்க! எனினும், ஒரு நாட்டின் உரிமை ஒருவரின் பெருந்தன்மையை நம்பி நிற்கலாமா? கொள்ளையென்று கைப்பட எழுதியே வைத்திருக்கும் பொருளை ஏலத்தில் ஏற்றவே கூடாது. முதலில் உரிய நாட்டோடு பேசவேண்டும். இதுவே என் துணிபு.

"சீனத்துச் சங்கதி நமக்கெதற்கு?" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. அந்தப் போருக்குச் சென்னைச் சாப்பர்ஸ் படையும் போயிற்று. டாக்கு கோட்டைப் போர்ப்பெருமை இன்றும் அப்படைக்கு உண்டு. அந்நியன் ஆணையில் நம் தம்பிகளும் அந்த மண்ணை மிதித்தார்கள். ஆகவே, நம் சிலைகளுக்காகக் குரல் கொடுக்கும் நாம், சீனத்துக் கெண்டிக்காகவும் குரல் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.

இன்னொன்றும் செய்யலாம். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது, உங்கள் ஊர்க் கோயிலின் செப்புத் திருமேனிகளை, கோயிலாரின் இசைவு பெற்றுப் படம் எடுங்கள், அளவு குறித்துவையுங்கள். பூட்டு காக்கத் தவறியதை ஒரு பழைய படம் மீட்டுத் தந்ததைப் பார்த்தோம் அல்லவா?