யார் பாஸ் பண்ணுவினம் எண்டு கணிக்கிறதை விடுங்கோ, படிப்பியுங்கோ!

அமெரிக்காவில் ஒகியூபேஷனல் தெரபி, அதாவது தொழில்வழிச் சிகிச்சை, படிப்பிக்கிற துறைகள் பல வருசமாக ஒரு கேள்வியைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டிருக்கின்றன: சான்றிதழ்ப் பரீட்சையில் எந்த மாணவர் சித்தியடைவார் என்பதை முன்கூட்டியே எதை வைத்துச் சொல்லலாம்? இதற்காக இளமாணிப் பட்டப் புள்ளி, நுழைவுப் பரீட்சை, நேர்முகத் தேர்வு, களப்பயிற்சி மதிப்பீடு, மாதிரிப் பரீட்சை எல்லாவற்றையும் போட்டு அலசுகிறார்கள். இந்தக் கேள்வி கேட்கப்படுகிற விதமே பிழை என்கிறோம் நாங்கள். ஏன் எண்டு சொல்லுறம்.

முதலில் இந்தத் தொழில் என்னவென்று பார்ப்போம். பாரிசவாதம் வந்து வலக்கை விழுந்துபோன ஒருவர் திரும்பச் சட்டைப் பொத்தான் பூட்ட வேண்டும், தானே குளிக்க வேண்டும், தன் கையால் சாப்பிட வேண்டும். அதற்கு அவரோடு இருந்து, அவருடைய வீடும் பழக்கவழக்கமும் விளங்கி, தேவையான கருவியையோ புது வழியையோ கண்டுபிடித்துக் கொடுப்பவர்தான் தொழில்வழிச் சிகிச்சையாளர். பொறுமையும் கைப்பக்குவமும் மனுசரை வாசிக்கிற கண்ணும் வேண்டிய வேலை.

அமெரிக்காவில் இந்தத் தொழிலுக்குள் நுழைய 2007 முதல் இளமாணிப் பட்டம் போதாது, அதற்கு மேலே படிக்க வேண்டும். குறைந்தது 24 கிழமை முழுநேரக் களப்பயிற்சி. அதுவும் அனேகமாகச் சம்பளமில்லாமல். இதெல்லாம் முடிந்த பிறகு என்.பி.சி.ஓ.டி. என்கிற தேசிய சான்றிதழ்ச் சபையின் பரீட்சை. கணினிக்கு முன்னால் 4 மணித்தியாலம். கட்டணம் 500 டொலருக்கு மேல். புள்ளி 300இலிருந்து 600 வரை போகும், 450 எடுத்தால் சித்தி. 449 எண்டால் திரும்பக் காசு கட்டு, திரும்ப எழுது.

மாணவர் பெயிலானால் துறைக்கு என்ன? அங்கேதான் விசயம் இருக்கு. பாடநெறிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கிற சபை ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது: கடைசி 3 வருசச் சராசரியில், பட்டம் பெற்று 12 மாதத்துக்குள் பரீட்சை எழுதியவர்களில் 80 சதவீதமாவது சித்தியடைந்திருக்க வேண்டும். ஆகவே ஒரு மாணவரின் தோல்வி துறையின் கழுத்துக்கும் கத்தி. கணிப்பு மோகம் எங்கிருந்து வருகிறது எண்டு இப்ப விளங்குதா?

சரி, இவ்வளவு அலசியும் என்ன தெரியவந்தது? பல ஆய்வுகளில், படிப்புப் புள்ளிக்கும் பரீட்சைக்கும் ஓரளவு தொடர்பு தெரிகிறது. களப்பயிற்சி மதிப்பீட்டுக்கும் பரீட்சைக்கும் உள்ள தொடர்போ பலவீனமானது, சீரில்லாதது. அதாவது பரீட்சையில் நல்லாச் செய்த ஒருவர் வேறொரு பரீட்சையிலும் நல்லாச் செய்வார். இதைக் கண்டுபிடிக்க ஆய்வு வேணுமோ?

இந்தக் கணக்குக்குள் ஒரு ஓட்டையும் இருக்கிறது. ஆராயப்படுபவர்கள் எல்லாரும் ஏற்கெனவே உள்ளே எடுக்கப்பட்டவர்கள். புள்ளி குறைவென்று வாசலிலேயே திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளை இந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. அவர் எழுதியிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு இந்த எண்கள் சொல்லாது. ஆனால் அதே எண்களைக் காட்டித்தான் அடுத்த வருசம் வாசலை இன்னும் இறுக்கலாம். வாசலை இறுக்கினால் சித்தி வீதம் கூடும், ஒரு விரிவுரைகூட மாறாமலே கூடும்! அதைத் துறையின் தரம் எண்டு பீற்றிக்கொள்ளவும் முடியும்.

புள்ளி என்பது மூளையின் எடையுமில்லை. இரவு வேலைக்குப் போய்ப் படித்தவர், வீட்டில் வேறு மொழி பேசுபவர், கடனோடு படித்தவர் எல்லாருடைய வாழ்க்கையும் அந்த ஒற்றை எண்ணுக்குள் நசுங்கிக் கிடக்கிறது. ஏற்கெனவே பெரும்பான்மையாக வெள்ளையினப் பெண்களைக் கொண்ட தொழில் இது. கணிப்பை வாசற்கதவாக்கினால் நோயாளிகளைப் போன்ற சிகிச்சையாளர்கள் இன்னும் குறைவார்கள்.

“அப்ப பரீட்சையே வேண்டாமா? நோயாளியின்ர பாதுகாப்பு?” எண்டு கேட்பினம். நியாயமான கேள்வி. வேண்டாம் எண்டு நாங்கள் சொல்லவில்லை. விழுங்க முடியாத நோயாளிக்கு எதைச் சாப்பிடக் கொடுக்கக்கூடாது என்று தெரியாதவர் வார்டுக்குள் வரக்கூடாது. ஆனால் 24 கிழமை நோயாளிகளோடு நன்றாக வேலை செய்தவர் என்று மேற்பார்வையாளர் சொல்லும் ஒருவர் 4 மணித்தியாலப் பரீட்சையில் விழுந்தால், பிழை அவரில்தான் என்று ஏன் முடிவு கட்ட வேண்டும்? களப்பயிற்சி மதிப்பீடு இளக்காரமாகப் போடப்படுகிறதா, இல்லையெண்டால் பரீட்சைதான் தொழிலின் பாதியைத் தவறவிடுகிறதா? இரண்டையும் சோதிக்க வேண்டும்.

இது எங்கட கதையும்தான். 70களின் தரப்படுத்தலில் இருந்து இண்டைக்கு இசட் புள்ளி வரைக்கும், திறமையில் 40, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 சதவீதம் எண்டு யார் உள்ளே போவது என்றுதான் சண்டை பிடிக்கிறம். அந்தச் சண்டை தேவையானதுதான். ஆனால் உயிரியல் ஆசிரியர் இல்லாத பாடசாலையைப் பற்றி அதே சத்தத்தில் எப்பவாவது கத்தினோமா? உயர்தர முடிவு வந்ததும் மதிலில் பனர் கட்டுகிற பாடசாலைகள், விழுந்த பிள்ளைகளுக்கு என்ன செய்தார்கள் என்று பனர் கட்டுவதில்லை.

கணிப்பால் உருப்படியான பயன் ஒன்று இருக்கிறது. மாதிரிப் பரீட்சையில் தடுமாறுகிற பிள்ளையை முதல் வருசத்திலேயே கண்டுபிடித்து, கூட இருந்து படிப்பிக்கலாம். பட்டம் கொடுத்த பிறகும் கைவிடாமல், இரண்டாம் தரக் கட்டணத்தைத் துறையே பங்குபோடலாம். சித்தி வீதத்தைப் பார்க்கும்போது, எத்தனை பேரைச் சேர்த்தார்கள், எத்தனை பேர் இடையில் விலகினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஏனெண்டால் சித்தி வீதம் பட்டம் வரை வந்தவர்களை மட்டும்தான் எண்ணும்.

எந்த மாணவர் பெயிலாவார் எண்டு முதலே தெரிந்தும் ஒண்டும் செய்யாமல் இருந்த துறைக்கு, பெயில் போட வேண்டியது மாணவருக்கில்லை.