பாரிஸுக்கு எந்த மாதம் போகலாம்?

ஜூன் மூன்றாவது வாரம் பாரிஸில் சூரியன் மறையும்போது இரவு 10 மணி ஆகிவிடும். வானம் இருட்ட இன்னும் முக்கால் மணி நேரம் வேண்டும். ஈஃபிள் கோபுரத்தின் விளக்குகள் மணிக்கொரு முறை 5 நிமிடம் மினுமினுக்குமே, அந்தக் காட்சி இருட்டிய பிறகுதான். அதற்குள் காலையிலிருந்து ஊர் சுற்றிய 7 வயதுப் பிள்ளை அப்பாவின் தோளில் தூங்கிப் போயிருக்கும்.

அதே காட்சியை டிசம்பரில் மாலை 6 மணிக்கே பார்த்துவிட்டு, 8 மணிக்குச் சாப்பிட்டு முடித்துப் படுத்துவிடலாம். ஆனால் டிசம்பரில் காலை எட்டரை மணிக்குக்கூட சூரியன் தலைகாட்டாது. மாலை 5 மணிக்குள் மறைந்தும் விடும். சுற்றிப் பார்க்கக் கையில் கிடைக்கும் பகல் வெறும் எட்டேகால் மணி நேரம். ஜூனில் அது 16 மணி நேரம்.

மாதம் மாறினால் ஊரே மாறிவிடும் என்பதற்கு இந்த ஒரு உதாரணம் போதும். ஆனாலும் ஐரோப்பா போகிற பல குடும்பங்கள் முதலில் டிக்கெட் விலையைப் பார்க்கின்றன, பிறகு லீவு கிடைக்குமா என்று பார்க்கின்றன. அங்கே அப்போது எப்படி இருக்கும் என்ற கேள்வி பெட்டி கட்டும்போதுதான் வருகிறது. வருஷக்கணக்கில் சேர்த்த பணம், ஒருவேளை ஒரே ஒரு முறை போகிற பயணம். தேதி குறிப்பதற்கு முன்பே அந்தக் கேள்வியைக் கேட்டுவிடுவது நல்லது.

மழைக்காலம் எப்போது என்று கேட்டுவிட்டு நாள் பார்ப்பது நம் ஊர் வழக்கம். பாரிஸில் அந்தக் கேள்விக்குப் பதிலே இல்லை. சென்னையில் ஆண்டுக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை என்றால், பாரிஸில் அதில் பாதிகூட இல்லை. 640 மில்லிமீட்டர் அளவுதான். ஆனால் சென்னை மழையில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். பாரிஸ் மழை பன்னிரண்டு மாதத்துக்கும் பங்கு போட்டுக்கொண்டு தூறும். அதனால் மழைக்குப் பயந்து மாதத்தை மாற்றுவதில் லாபம் இல்லை. மடக்குக் குடை ஒன்று எப்போதும் பையில் இருந்தால் சரி.

ஏப்ரலுக்கு உலகம் முழுக்க ஒரு பெயர் உண்டு. 1932-ல் பிராட்வே மேடைக்காக எழுதப்பட்ட ஓர் ஆங்கிலப் பாட்டு, ஏப்ரல் மாதத்து பாரிஸைக் காதலர்களின் ஊராகவே ஆக்கிவிட்டது. பூக்கள் விஷயத்தில் பாட்டில் பொய் இல்லை. மாத நடுவில் நகரத்துக்குத் தெற்கே உள்ள ஸோ பூங்காவில் செர்ரி மரங்கள் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கும். குளிர் விஷயத்தில்தான் பாட்டை நம்ப முடியாது. காலையில் 6, 7 டிகிரி, மதியம் 16 டிகிரி என்பது ஏப்ரலில் சாதாரணம். ஏப்ரலில் ஒரு நூலைக்கூடக் கழற்றாதே என்று பிரெஞ்சுக்காரர்களே பழமொழி வைத்திருக்கிறார்கள். சித்திரை வெயிலில் விமானம் ஏறுகிறவர்களுக்கு ஸ்வெட்டர் ஞாபகம் வராது என்பதுதான் சங்கடம்.

பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்ட குடும்பங்களுக்கு மே மாதம் இன்னும் பொருத்தம். மதியம் 20 டிகிரி, இரவு 9 மணிக்கும் வெளிச்சம், பூங்காக்களெல்லாம் பச்சை. ஒரே சிக்கல், அரசு விடுமுறைகள் இந்த மாதத்தில் வரிசையாக வரும். மே 1 உழைப்பாளர் தினம். மே 8 ஐரோப்பாவில் இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள். இவை போதாதென்று ஈஸ்டரை ஒட்டி வரும் பண்டிகை விடுமுறைகளும் பெரும்பாலும் மே மாதத்தில்தான் விழும். மே 1 அன்று லூவர் மியூசியம் மூடியிருக்கும். தெருவெங்கும் சின்ன வெள்ளை மணிப் பூக்களைக் கொத்துக் கொத்தாக விற்பார்கள்; ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்துவது அன்றைய வழக்கம். அந்தப் பூவை வாங்கிக்கொண்டு ஸேன் ஆற்றங்கரையில் நடப்பதோடு அன்றைய பொழுதை முடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஜூலையும் ஆகஸ்ட் முதல் பாதியும்தான் நன்றாக யோசிக்க வேண்டிய காலம். வயதான அப்பா, அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் இரண்டு முறை யோசிக்கலாம்.

'வெயிலுக்கா நாங்கள் பயப்படுவோம்?' என்று தோன்றும். ஜூலையின் சராசரி உச்ச வெப்பம் 26 டிகிரிதான். பெரும்பாலான நாட்கள் இதமாகவே இருக்கும். ஆனால் இடையிடையே வெப்ப அலை வரும். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது. வேலூர்க்காரர்களுக்கு அது புதிதல்ல. ஆனால் வேலூரில் தலைக்கு மேல் ஃபேன் சுற்றும். பாரிஸ் வீடுகளில் அது கிடையாது. அந்த ஊர் குளிரைத் தாங்கக் கட்டப்பட்டது. பெரும்பாலான கட்டடங்களின் கூரை துத்தநாகத் தகடு. படங்களில் சாம்பல் நிறத்தில் அழகாகத் தெரியும் அதே கூரை, வெயிலில் அடுப்பில் வைத்த தோசைக்கல்தான். அதற்கு நேர் கீழே இருக்கும் மேல்மாடி அறைகள் வாடகை குறைவு என்று ஆன்லைனில் கண்ணில் படும். பல பழைய கட்டடங்களில் லிஃப்டும் இருக்காது.

2003 ஆகஸ்டில் வந்த வெப்ப அலையில் பிரான்ஸ் முழுவதும் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் முதியவர்கள். பிள்ளைகள் ஆகஸ்ட் விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போயிருக்க, அறையில் தனியாக இருந்தவர்கள் அவர்களில் பலர். அதன் பிறகுதான் அந்த நாட்டில் வெப்ப எச்சரிக்கை முறையே ஒழுங்காக வந்தது. 2025 ஜூலை தொடக்கத்தில் வந்த வெப்ப அலையின்போது ஈஃபிள் கோபுரத்தின் உச்சித் தளத்தையே மூடிவிட்டார்கள். கோடையில் போயே ஆக வேண்டும் என்றால் ஹோட்டலில் ஏ.சி. உண்டா என்று எழுதிக் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். நட்சத்திரத்தை எண்ணிப் பார்த்து இருக்கும் என்று நம்பக் கூடாது.

கோடைக்கென்று சில சந்தோஷங்களும் உண்டு. ஜூலை 14 தேசிய தினத்தன்று காலையில் ஷாம்ப்ஸ் எலிஸே சாலையில் ராணுவ அணிவகுப்பு, இரவில் ஈஃபிள் கோபுரத்தடியில் வாணவேடிக்கை. 1923-ல் தடை செய்யப்பட்ட ஸேன் ஆற்றுக் குளியலை 2025 ஜூலையில் மறுபடி திறந்துவிட்டார்கள். குறிப்பிட்ட சில இடங்களில் கோடையில் பொதுமக்கள் நீந்தலாம்.

ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரில் இருக்க மாட்டார்கள். பேக்கரி, சின்னச் சாப்பாட்டுக் கடை எல்லாவற்றிலும் 'விடுமுறை' என்று காகிதம் ஒட்டியிருக்கும். சுற்றுலா இடங்கள் திறந்திருக்கும், கூட்டமும் இருக்கும். ஆனால் ஊரின் அன்றாட வாழ்க்கையைப் பார்க்க முடியாது. மாதக் கடைசியில் அந்த வாழ்க்கை திரும்பும்போது நம் கண்ணுக்குப் பழக்கமான ஒரு காட்சியும் கூடவே வரும். லா ஷப்பல் பகுதியில் ஈழத் தமிழர் கடைகள் நிறைந்த தெருக்களில் ஸ்ரீ மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் வரும். ஆகஸ்ட் இறுதியிலோ செப்டம்பர் தொடக்கத்திலோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் விழா இது. மலைபோல் குவித்து வைத்த தேங்காய்களைத் தார்ச் சாலையில் உடைப்பதை வெள்ளைக்காரர்கள் செல்போனில் படம் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

தேதியை இஷ்டப்படி வைத்துக்கொள்ள முடிகிறவர்களுக்கு ஒரே பதில், செப்டம்பர் இரண்டாம் பாதி. மதியம் 20, 21 டிகிரி, 12 மணி நேரப் பகல், திறந்த கடைகள், பள்ளிக்குத் திரும்பிய ஐரோப்பியக் குழந்தைகள். மூன்றாவது வார இறுதியில் ஐரோப்பிய பாரம்பரிய நாட்கள் வரும். மற்ற நாட்களில் உள்ளே விடாத அரசுக் கட்டடங்கள் அப்போது பொதுமக்களுக்காகத் திறக்கும். ஜனாதிபதியின் எலிஸே மாளிகையும் அதில் சேர்த்தி. தமிழ்நாட்டுப் பள்ளிகளின் காலாண்டுத் தேர்வு விடுமுறையும் ஏறத்தாழ இதே காலத்தில் வருவது பலர் கவனிக்காத வசதி. ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை ஃபேஷன் வாரம் நடக்கும். அந்த நாட்களில் ஹோட்டல் வாடகை எகிறிவிடும்.

நவம்பரைத் தள்ளிவிடலாம். குளிர், இருட்டு, பண்டிகை விளக்குகளும் மாதக் கடைசிக்கு முன் முழுதாக வந்திருக்காது.

ஜனவரி, பிப்ரவரியை அப்படித் தள்ள வேண்டாம். ஓவியம், சிலை, அருங்காட்சியகம் என்று போகிறவர்களுக்கு இதுதான் காலம். ஆண்டுக்கு 80 லட்சம் பேருக்கு மேல் வரும் லூவரில், மோனாலிசா முன்னால் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைப்பது இப்போதுதான். கிறிஸ்துமஸ் கூட்டம் போன பிறகு வாடகையும் இறங்கும். ஜனவரி முதல் அல்லது இரண்டாவது புதன்கிழமை சட்டப்படி தள்ளுபடி விற்பனை தொடங்கி 4 வாரம் நடக்கும். பனி கொட்டும் என்று எதிர்பார்த்துப் போகிறவர்கள்தான் ஏமாறுவார்கள். பாரிஸில் பனி அபூர்வம். 3 முதல் 8 டிகிரி வரை ஈரமான குளிர்தான் கிடைக்கும். வெர்சாய் தோட்டத்து நீரூற்று நிகழ்ச்சிகள் இருக்காது. ஓவியர் மோனேயின் ஜிவெர்னி தோட்டமும் ஏப்ரல் வரை பூட்டியிருக்கும்.

எந்த மாதமானாலும் லூவருக்குச் செவ்வாய் விடுமுறை. ஓர்ஸே மியூசியத்துக்கும் வெர்சாய் அரண்மனைக்கும் திங்கள். 2026 ஜனவரியிலிருந்து ஐரோப்பியர் அல்லாதவர்களுக்கு லூவர் டிக்கெட் 32 யூரோ; நம் கணக்கில் 3,000 ரூபாயைத் தாண்டும். 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். 2019 தீ விபத்துக்குப் பிறகு 2024 டிசம்பரில் திறந்த நோத்ர்தாம் தேவாலயத்துக்கு யாருக்கும் கட்டணம் இல்லை.

கடைசியாக விசா. ஷெங்கன் விசாவுக்குப் பயணத் தேதிக்கு 6 மாதம் முன்பிலிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, அதற்கும் கீழே இலவசம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் எடுத்துக்கொள்வார்கள். சில சமயம் 45 நாள் வரை இழுக்கும். ஏப்ரல், மே பயணத்துக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் முட்டி மோதுவதால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. செப்டம்பரில் போகிறவர்கள் மே, ஜூனில் ஒரு நாள் ஒதுக்கி அந்த வேலையை முடித்துவிடலாம்.