பேணுதலும் பந்தியும்

1630இல் மாசச்சூசெட்ஸில் திரளாகக் குடியேறிய பியூரிட்டன் கிறித்தவர்கள் பிறர் வீட்டு ஒழுக்கத்தையும் கண்காணித்தனர். கிறிஸ்துமஸ் கொண்டாடுவோருக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் என 1659இல் சட்டமியற்றினர்.

அவர்களது சமய மரபில் வந்தோர் 1834இல் மதுரையில் அமெரிக்க மிஷனைத் தொடங்கி, பின்னர் நம் அருப்புக்கோட்டை, திருச்சுழிச் சீமையின் மண்டபசாலையிலும் நிலைகொண்டனர். 1847இல் அம்மிஷன் தன் சபையாரையே சோதித்தது: சாதி பாராமல் ஒன்றாக அமர்ந்து உண்பீர்களா? மறுத்தோர், ஊழியராயினும், சபையுறவிலிருந்து நிறுத்தப்பட்டனர்.

சகோதரர்களே! ஒரே ஸஃப்பில் தோள் சேர்த்துத் தொழும் நாம், வலீமாவில் செல்வந்தருக்குத் தனிப் பந்தி விரிப்பது தகுமா? செல்வர் அழைக்கப்பட்டு ஏழைகள் விடப்படும் வலீமாவின் உணவு தீயது என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். அண்டை வீட்டாரின் குறைகளைத் துருவுவது பேணுதலன்று. நம் சஹனில் ஏழைக்கும் இடமளிப்பதே பேணுதல்.