கொலையாளி யார் என்று ஊருக்கே தெரியும்

சென்னை பிளாஃப்ட் பதிப்பகம் 2008இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்த தமிழ் பல்ப் கதைத் தொகுப்பை வாசித்து முடித்தோம். மொழிபெயர்ப்பு பிரீதம் சக்ரவர்த்தி. தமிழ்வாணனின் சங்கர்லால், பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத்–சுசீலா, சுபா, ராஜேஷ்குமார் என்று பழைய ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்ட் கடையில் தொங்கிய மாத நாவலில் வாசிக்கப் பழகியவர்கள் நம் தெருக்களில் ஏராளம். எனவே இவற்றைக் குப்பை என்று ஒதுக்கும் இலக்கியப் பெரியவர்களோடு நாம் சேரப்போவதில்லை. (கருப்பு என்றாலே தீமை என்று விற்கும் அட்டைப்படங்களைப் பற்றித் தனியே பேசுவோம்.)

நம் சண்டை வேறு. ஒரு பிணம், நாலைந்து சந்தேக நபர்கள், கடைசி அத்தியாயத்தில் விடை. இந்த வகைக் கதை முழுக்க நிற்பது ஒரே நம்பிக்கையில்: கொலையாளி யாரென்று யாருக்கும் தெரியாது, போலீஸ் அதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறது.

தோழர்களே, விருத்தாசலம் பக்கத்துப் புதுக்கூரைப்பேட்டைக்கு வாருங்கள். 2003 ஜூலை. பொறியியல் பட்டதாரியான நம் முருகேசனும், அவரைப் பதிவுத் திருமணம் செய்த வன்னியர் பெண் கண்ணகியும் ஊரார் பார்க்க நஞ்சு ஊற்றப்பட்டு எரிக்கப்பட்டார்கள். எந்த மர்மமும் இல்லை. புகார் கொடுக்கப்போன குடும்பத்தை விரட்டிய போலீஸ், விஷயம் வெளியே வந்ததும் இரு வீட்டாரும் கொன்றதாகக் கதை கட்டி, முருகேசனின் உறவினர்களையும் குற்றவாளிகளாக்கியது. எந்த மாத நாவல் எழுத்தாளருக்கும் தோன்றாத திருப்பம் இது! உயர்நீதிமன்றம் வழக்கை சிபிஐக்கு மாற்றியது. 2021இல் கடலூர் நீதிமன்றம் 13 பேரைத் தண்டித்தது. அதில் இருவர் காவல் அதிகாரிகள். தீர்ப்பு வர 18 ஆண்டுகள்.

நம் வழக்குகளில் திகில் வேறு இடத்தில் இருக்கிறது. எஃப்.ஐ.ஆர். போடுவார்களா? வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவு சேருமா? டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி விசாரிக்க வேண்டும் என்ற விதி காகிதத்தைத் தாண்டுமா? சாட்சி கூண்டேறும்வரை உறுதியாக இருப்பாரா? 2015 கோகுல்ராஜ் கொலை வழக்கில் முக்கிய சாட்சியே பிறழ்ந்தார். திருச்செங்கோடு கோயில் கேமராப் பதிவுதான் வழக்கைத் தாங்கியது. அந்தப் பதிவு அழிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள், எந்தக் கிரைம் நாவலும் தராத நடுக்கம் வரும்.

இத்தனை ஆண்டு துப்பறியும் கதை எழுதியவர்களிடம் கேட்கிறோம்: உங்கள் பிணங்களுக்கு ஏன் சாதியே இல்லை? உங்கள் இன்ஸ்பெக்டர் எந்தத் தெருவில் பிறந்தார்? ஆணவக் கொலைக்கு மாதிரியே இல்லாத ஊரிலா உட்கார்ந்து எழுதினீர்கள்?

அவர்கள் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். சட்டக் கல்லூரி மாணவர்கள் கண்ணகி–முருகேசன் தீர்ப்பை முழுசாகப் படியுங்கள். மற்றவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். பிறகு எழுத உட்காருவோம். முதல் பக்கத்திலேயே கொலையாளியின் பெயரைப் போட்டுவிடுவோம்.