கம்ப்யூட்டர் பார்க்கிற கேமராவுக்கு சினிமாஸ்கோப் லென்ஸ் வேண்டும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். முப்பத்து நான்கு வருடம் இயற்பியல் நடத்தியவன் லென்ஸைப் பற்றி ஆரம்பித்தால் பெல் அடித்தாலும் நிறுத்த மாட்டான் என்பது என் பழைய மாணவர்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். சர்க்கரை நோயால் பார்வை போய் நான்கு வருடம் ஆகிறது. ஒரு கையில் வெள்ளைக் கோல். கழுத்தில் பட்டை போட்டு செல்போனை மார்பில் தொங்கவிட்டிருந்தான், கேமரா எதிரே பார்க்கிற மாதிரி. அதில் உள்ள செயலி, எதிரே இருப்பதைக் காதில் சொல்லும். "ஆள்", "நாற்காலி", "கதவு" என்று என் வீட்டுக் கூடத்தையே எனக்கு ஒப்பித்துக் காட்டியது. ஆச்சரியமாக இருந்தது.

ஆனால் அவன் முழங்கையில் கட்டு.

"என்னப்பா இது?"

"கடையை விட்டு வெளிய வந்து திரும்பினேன் சார். பக்கத்துலயே ஒரு பைக் நின்னிருக்கு. ஹேண்டில் கிழிச்சிருச்சு. கோல் தரையைத்தானே சார் தடவும்? போனும் ஒண்ணும் சொல்லல."

செயலியைத் திட்டுவது சுலபம். நான் டேப்பை எடுத்துவந்து சுவரில் அளந்தேன். அவன் போனை மார்பில் தொங்குகிறபடியே நிமிர்த்தி வைத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் கேமராவுக்குத் தெரிவது சுமார் 93 சென்டிமீட்டர் அகலம், 132 சென்டிமீட்டர் உயரம். பக்கவாட்டில் சுமார் 50 டிகிரி, மேலும் கீழும் சுமார் 67 டிகிரி. கதவளவு அகலமுள்ள ஒரு ஜன்னல் வழியாகத்தான் அவன் தெருவைப் பார்க்கிறான். பைக் அந்த ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறது. செயலி அதைத் தவறாகப் பார்க்கவில்லை, பார்க்கவே இல்லை.

"போனைப் படுக்கவைத்துக் கட்டினால் போச்சு" என்று என் மகன் சொன்னான். அதையும் செய்து பார்த்தோம். அகலம் கூடியது, உயரம் போய்விட்டது. நிமிர்த்தி வைத்தபோது இரண்டு மீட்டருக்குச் சற்று முன்பே தரை தெரிந்தது. படுக்கவைத்தால் 2.7 மீட்டர் தள்ளித்தான் தரையே தெரிகிறது. காலடிப் படியும் சாக்கடைக் குழியும் படத்தை விட்டுப் போயின. அவனுக்கு அகலமும் வேண்டும், உயரமும் வேண்டும்.

இந்தச் சிக்கலை சினிமாக்காரர்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள். பிரெஞ்சுக்காரர் ஹென்றி கிரெத்தியான் 1920களில் செய்த லென்ஸ் அது. அகலமான காட்சியைப் பக்கவாட்டில் மட்டும் சுருக்கிச் சாதாரண பிலிமில் பதியும். தியேட்டரில் இன்னொரு லென்ஸ் அதைத் திரும்ப விரிக்கும். ஹாலிவுட் அதை வாங்கி சினிமாஸ்கோப் என்று பெயர் வைத்து 1953-இல் 'தி ரோப்' படத்தை வெளியிட்டது. நம் ஊரில் 1973-இல் 'ராஜராஜ சோழன்'. சிவாஜியை அத்தனை அகலத் திரையில் பார்த்தவர்கள் இன்னும் மறந்திருக்க மாட்டார்கள். 2015-இல் வந்த 'டேஞ்சரின்' என்ற அமெரிக்கப் படத்தை ஐபோன் 5எஸ்-இல் இதே மாதிரி சின்ன லென்ஸை மாட்டி எடுத்தார்கள். ஆக, செல்போனுக்கும் இது புதிதல்ல.

இதன் பெயர் அனமார்ஃபிக் லென்ஸ். பயப்பட வேண்டாம், உங்களில் பாதிப் பேர் இதன் தம்பியை மூக்கில் மாட்டியிருக்கிறீர்கள். கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று ஒரு எண் இருக்கும், பக்கத்தில் 'ஆக்சிஸ்' என்று இன்னொன்று. ஒரு திசையில் மட்டும் வேலை செய்யும் உருளை லென்ஸ் அது. கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்துச் சுழற்றியபடி ஜன்னல் கம்பியைப் பாருங்கள். சதுரம் சாய்ந்து சாய்ந்து நிமிரும்.

இப்போது கணக்குக்கு வருவோம். செல்போனுக்குக் கிடைக்கும் அனமார்ஃபிக் லென்ஸில் வழக்கமான சுருக்க எண் 1.33. அதை என் மாணவனின் போனில் பக்கவாட்டுத் திசையில் சுருக்கும்படி மாட்டினால், ஒரு மீட்டரில் 93 சென்டிமீட்டர் அகலம் சுமார் 124 ஆகும். உயரம் அப்படியே இருக்கும். தரையும் போகாது.

அல்ட்ரா வைட் கேமராதான் போனிலேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் அது எல்லாத் திசையிலும் சேர்த்துப் பரப்பும். அவனுக்குத் தேவையில்லாத வானத்துக்கும் பிக்சல் போகிறது, பெயர்ப்பலகை எழுத்து உயரத்திலும் அகலத்திலும் சிறுத்துப்போகிறது. அனமார்ஃபிக்கில் எழுத்து ஒல்லியாகும், உயரம் குறையாது. இருக்கிற பிக்சலைத் தேவையான திசைக்குத் திருப்பிவிடுகிறோம். வாய்க்காலில் மடை மாற்றுகிற மாதிரி.

ஒல்லியான படம் கம்ப்யூட்டரைக் குழப்பாதா? பழக்காவிட்டால் குழப்பும். உருண்டைச் சக்கரம் பார்த்துப் பழகியதற்கு முட்டைச் சக்கரம் புதிது. ஆனால் படத்தை இனம் காணும் பல நெட்வொர்க்குகள் 224-க்கு 224 பிக்சல் என்ற சதுரத்தைத்தான் உள்ளே வாங்குகின்றன. அதற்காகச் செவ்வகப் படத்தை மென்பொருளே பல சமயம் நசுக்கித்தான் கொடுக்கிறது. மென்பொருள் நசுக்கும்போது பதிந்த பிக்சல் வீணாகிறது. லென்ஸ் நசுக்கினால் பதியும் முன்பே காட்சி கூடுதலாக உள்ளே வருகிறது. நசுங்கிய படத்தைக் கொண்டே பழக்கலாம், அல்லது விரித்துக் கொடுக்கலாம்.

இவ்வளவும் சாதகம். இனிச் சொல்லப்போவதுதான் முக்கியம்.

ஆரம்பகால சினிமாஸ்கோப்பில் ஒரு வேடிக்கை நடந்தது. குளோஸ்-அப் எடுத்தால் நடிகர்களின் முகம் உப்பித் தெரியும். அதற்கு 'மம்ப்ஸ்' என்றே பெயர் வைத்தார்கள், நம் பொன்னுக்கு வீங்கி. லென்ஸ் தூரத்தில் இரண்டு மடங்கு சுருக்கும், கிட்டத்தில் அவ்வளவு சுருக்காது. ஆனால் தியேட்டர் லென்ஸ் எப்போதும் இரண்டு மடங்கு விரிக்கும். முகம் அகலமாகிவிடும்.

சினிமாவில் அது கதாநாயகியின் கவலை. என் மாணவனுக்கு அது எலும்பு முறிவு. செயலி "எதிரே இடைவெளி இருக்கிறது, போகலாம்" என்று சொல்கிறதென்று வையுங்கள். அது 1.33 என்று நம்பி விரிக்கிறது. கிட்டத்தில் லென்ஸ் 1.2 அளவுக்குத்தான் சுருக்கியது என்றால், 60 சென்டிமீட்டர் இடைவெளி 66 ஆகத் தெரியும். எந்தத் தூரத்தில் துல்லியம் வேண்டுமோ அந்தத் தூரத்தில், இல்லாத இடத்தை இருப்பதாகச் சொல்லும். லென்ஸ் ஒரு தடவை கீழே விழுந்து அச்சு திரும்பினாலும் இதே கதைதான். போதாததற்கு, இரவில் வண்டி விளக்கு பட்டால் இந்த லென்ஸில் நீளக் கோடாக ஒளி இழுக்கும். சினிமாவில் அதை அழகு என்பார்கள். கம்ப்யூட்டருக்கு அது இடைஞ்சல்.

இதற்கும் மருந்து இருக்கிறது. சதுரங்கக் கட்டம் அச்சடித்த ஒரு தாளைப் பல கோணத்தில் படமெடுத்தால் கேமராவின் குணம் முழுக்கக் கணக்கிட்டுவிடலாம். ஆராய்ச்சியாளர் செங்யூ சாங் 2000-இல் வெளியிட்ட முறை இன்று மாணவர்கள்கூடச் செய்வது. ஆண்ட்ராய்டில் கேமரா அளவீட்டைச் சொல்லும் இடத்தில் குறுக்கே ஒரு குவியத் தூரம், நெடுக்கே ஒரு குவியத் தூரம் என்று இரண்டு எண்ணுக்கு ஏற்கனவே இடம் விட்டிருக்கிறார்கள். அனமார்ஃபிக் லென்ஸ் மாட்டினால் அந்த இரண்டும் வேறு வேறாகும், அவ்வளவுதான். மேலே மாட்டிய லென்ஸைப் போன் தானாக அறியாது. யாராவது அதற்குச் சொல்ல வேண்டும்.

அதனால் என் கருத்து இது. போன் செய்பவர்கள் நூறு, இருநூறு மெகாபிக்சல் என்று விளம்பரம் செய்வதை விட, ஒரு கேமராவையாவது மனிதக் கண்ணுக்கு அழகு பார்க்காமல் கம்ப்யூட்டரின் தேவைக்குச் செய்யலாம். மேலே மாட்டுகிற லென்ஸ் விற்பவர்கள் '1.33' என்று ஒரே எண்ணைப் போடாமல் அரை மீட்டரில் எவ்வளவு, இரண்டு மீட்டரில் எவ்வளவு என்று அச்சிட்டுத் தர வேண்டும். செயலி செய்பவர்கள் கட்டத் தாளைக் காட்டி அளவு சரிபார்க்கும் வசதியை, பார்வையற்றவரின் வீட்டார் செய்துகொடுக்கும் அளவுக்கு எளிதாக வைக்க வேண்டும். சரிபார்க்காத லென்ஸ் மாட்டியிருந்தால் "இடைவெளி இருக்கிறது" என்று சொல்லவே கூடாது. மளிகைக்கடைத் தராசுக்கே முத்திரை கேட்கிறோம். ஒருவன் கால் எடுத்து வைப்பது அதைவிடச் சின்ன விஷயமா?

லென்ஸ் எல்லாவற்றையும் தீர்க்காது என்று அவனிடமும் சொன்னேன். கூடுதலாகக் கிடைப்பது ஒரு பக்கத்துக்கு 15 சென்டிமீட்டர்தான்.

"என் முழங்கைக்கு அது போதும் சார்" என்றான்.

என் மாணவர்களில் சிலர் சென்னையிலும் பெங்களூரிலும் கேமரா மென்பொருள் வேலையில் இருக்கிறீர்கள். உங்களுக்காகத்தான் இவ்வளவு எழுதினேன். கணக்கில் தப்பு இருந்தால் தயங்காமல் திருத்துங்கள். சரியாக இருந்தால், உங்கள் ஆபீஸில் ஒரு தடவை பேச்சை எடுங்கள்.